கிளிஞ்சல் நாற்றம் போக

திருவொற்றியூர் கடற்கரையில் நாலு வயது மகள் பொறுக்கிவந்த கிளிஞ்சல்கள் வீடு முழுக்க நாறுகின்றன, மாமியார் வீசச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வீசிவிடாதீர்கள், சகோதரி. ஓடு நாறுவதில்லை, உள்ளே ஒட்டிய சதைதான் அழுகி நாறுகிறது. பழைய பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பழைய டூத் பிரஷைப் பாப்பா கையில் கொடுங்கள், அவளே தேய்க்கட்டும். பிறகு மொட்டைமாடியில் காயவையுங்கள். வினிகரில் மட்டும் போடாதீர்கள், ஓடு சுண்ணாம்பு என்பதால் அரித்துவிடும். அடுத்தமுறை சங்குகளை எடுக்கும்போது உள்ளே நண்டு குடியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கடலிலேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம், குவியலைக் கிளறிப் பாருங்கள். சில சிப்பிகளில் ஆணி அடித்ததுபோல் வழவழப்பான வட்ட ஓட்டை இருக்கும். அது ஒரு கடல்நத்தையின் வேலை! பற்கள் நிறைந்த நாக்கால் ஓட்டைத் துருவி, உள்ளிருந்த சதையைத் தின்றிருக்கிறது. இதைச் சொன்னால் குழந்தைகள் விடாமல் ஓட்டை தேடுவார்கள், எனக்கு மிகப் பிடித்த விளையாட்டு இது. மாலை கோக்கவும் அந்த ஓட்டையே போதும், நீங்கள் துளைக்க வேண்டாம். தையல் நூல் ஓட்டின் விளிம்பில் உரசி அறுந்துவிடும்; காசிமேட்டில் வலை பின்னும் நைலான் நூல் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.