டக்ட் இணைப்பில் மட்டும் ஏன் ஓட்டை விழுது? கேள்வி பதில்

கேள்வி (சிம்மக்கல், பரோட்டா கடை): அண்ணே, அடுப்புக்கு மேல புகையை இழுக்கற எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) ஹூட், அதுல இருந்து மாடிக்கு ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) டக்ட், அதாவது புகை போற தகரக் குழாய். ரெண்டே வருஷத்துல இணைப்புல மட்டும் அரிச்சு எண்ணெய் சொட்டுது. ஷீட் மட்டமா?

பதில்: ஷீட் மேல பழி போடாதீங்க தம்பி. ரெண்டு வேற உலோகம் தொட்டுக்கிட்டு இருக்கு, நடுவுல ஈரம் இருக்குன்னா அது பேட்டரி. கடல் தண்ணியில அளந்தா துத்தநாகத்துக்கும் எஸ்எஸ்ஸுக்கும் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வித்தியாசம். கரையறது துத்தநாகம். ஜிஐ ஷீட்டை 120 ஜிஎஸ்எம்னு வாங்குறோமே, அது துத்தநாகப் பூச்சு, ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 120 கிராம். ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரான் சொச்சம்தான். அது தீர்ந்ததும் அடியில இருக்கற இரும்பு கரையும். உங்க கடையில ஆவியும் உப்பும் ராத்திரி பகலா அதுல படியுது.

ஏசி டக்டா இருந்தா நடுவுல ரப்பர் கேஸ்கட் வைக்கச் சொல்லியிருப்பேன். எண்ணெய்ப் புகை போற டக்ட்ல ரப்பர் கூடவே கூடாது, தீப்பிடிச்சா எரியும். ஜிஐயைக் கழட்டிட்டு மாடி வரைக்கும் 18 கேஜ் கனத்துல எஸ்எஸ், முழு வெல்டிங்கா போடுங்க. செலவு கூடத்தான் செய்யும். தள்ளிப்போடாதீங்க.

கேள்வி (கப்பலூர்): ஜிஐ டக்ட்ல எஸ்எஸ் ஸ்க்ரூ போடலாமா?

பதில்: ஈரம் நிக்காத இடத்துல போடலாம். ஸ்க்ரூ சின்னது, ஷீட் பெருசு, அரிப்பு ஷீட்ல பரவி லேசாப் போயிரும். எஸ்எஸ் டக்ட்ல ஜிஐ ஸ்க்ரூ போட்டா மொத்த டக்டும் சேர்ந்து அந்த ஒரு ஸ்க்ரூவைத் தின்னுரும்.

கேள்வி (அண்ணா நகர்): எஸ்எஸ் டக்ட்ல அலுமினிய பாப் ரிவெட்?

பதில்: மேல சொன்ன அதே கதைதான். எஸ்எஸ் ரிவெட் போடுங்க.

கேள்வி (திருநகர்): மதுரை காஞ்ச ஊரு. இதெல்லாம் தூத்துக்குடிக்காரங்க கவலைதானே?

பதில்: தண்ணி கடல்ல இருந்துதான் வரணும்னு இல்ல. சித்திரை வெயில்ல வெளியே 40 டிகிரி, ஏசி டக்டுக்குள்ள 14 டிகிரி காத்து. இன்சுலேஷன் கிழிஞ்ச இடத்துல ஷீட் வேர்த்துக் கொட்டும். முதல்ல தண்ணி எங்க நிக்குதுன்னு பாருங்க. இரும்பும் எஸ்எஸ்ஸும் சேர்ற இடத்துல பெயிண்ட் அடிக்கறதா இருந்தா எஸ்எஸ்ஸுக்கு அடிங்க.

கேள்வி (செல்லூர்): இதை ஒத்துக்க முடியாது. கரையறது இரும்பு. அதைக் காப்பாத்தாம எஸ்எஸ்ஸுக்கு பெயிண்டா? 15 வருஷமா இரும்பு ஃபிளேஞ்சுக்குத்தான் (போல்ட் போட்டு இணைக்கற சட்டம்) ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்கிறேன்.

பதில்: ஐயா, நானும் அப்படித்தான் அடிச்சேன். மேலூர் பக்கம் ஒரு மண்டபத்துல எஸ்எஸ் பிளீனத்துக்கு (காத்துப் பெட்டி) இரும்பு ஃபிளேஞ்ச், பெயிண்ட் இரும்புக்கு மட்டும். கழட்டிப் பார்த்தா போல்ட் ஓட்டைக்கிட்ட கீறல் விழுந்த இடமெல்லாம் ஊசி குத்துன மாதிரி ஆழமாப் போயிருந்துச்சு. பெயிண்டே அடிக்காத ஃபிளேஞ்ச் மேலாப்பல துருப்பிடிச்சதோட சரி. அத்தனை எஸ்எஸ்ஸும் அந்த ஒரு கீறலைத்தான் குறி வைக்கும். எஸ்எஸ்ஸை மூடிட்டா, பெயிண்ட் கீறினாலும் வெளிய தெரியற எஸ்எஸ் துளிதான்.

கேள்வி (மறுபடி செல்லூர்): அப்ப ரெண்டுக்கும் அடிச்சா?

பதில்: அதுதான் நல்லது. ஒண்ணுக்குத்தான் அடிக்க முடியும்னா எஸ்எஸ்ஸுக்கு, எபாக்ஸி பிரைமர் போட்டு, இணைப்புல இருந்து ஒரு சாண் தூரம். அதைவிட நல்லது ரெண்டையும் தொடவிடாம பிரிக்கறது. 1763-ல ‘அலாரம்’ங்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் சோதிச்சாங்க. அடியில செப்புத் தகடு அடிச்ச இரும்பு ஆணியெல்லாம் கரைஞ்சிருந்துச்சு. தகட்டைச் சுத்தி வந்த பழுப்புக் காகிதம் நடுவுல தங்குன இடத்துல மட்டும் ஆணி பொழைச்சுது. நம்ம கேஸ்கட் செய்யறதும் அந்தக் காகித வேலைதான். ஆனா கேஸ்கட்டை வச்சுட்டு போல்ட்டை அப்படியே முறுக்குனா, போல்ட் வழியா ரெண்டும் தொட்டுக்கும். போல்ட்டுக்கு நைலான் புஷ் (உறை), நைலான் வாஷர் கட்டாயம்.

கேள்வி (பழங்காநத்தம்): பிரிச்சுட்டா எர்த் அறுந்துருமே?

பதில்: அறுந்துரும். அதனால ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா எர்த் ஒயர் கொடுங்க, வெள்ளீயம் பூசின லக் (ஒயர் நுனியில மாட்டற உலோகக் காது) போட்டு, ஈரம் படாத இடத்துல.

கேள்வி (ஊமச்சிகுளம்): எஸ்எஸ் டக்ட்ல ஜிஐ ஸ்க்ரூ...

பதில்: கப்பலூர்க்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

கேள்வி (ஒத்தக்கடை): ஏசி செப்புக் குழாய் ஜிஐ டிரேயைத் தொடவே இல்ல, ஆனாலும் டிரே ஓட்டையாகுது.

பதில்: குழாய்ல வேர்க்கற தண்ணி செம்பைக் கொஞ்சம் கரைச்சுக்கிட்டு சொட்டுது. அந்தச் செம்பு டிரேயில படிஞ்சு, அங்கயே துத்தநாகத்தோட சேர்ந்து பேட்டரி ஆயிருது. குழாய் இன்சுலேஷனை மாத்துங்க. மறுபடியும் சொல்றேன், தண்ணி எங்க நிக்குதுன்னு பாருங்க.

கேள்வி (திருமங்கலம்): ஏசி டக்டை ஏற்கெனவே கேஸ்கட் இல்லாம மாட்டியாச்சு, கழட்ட முடியாது.

பதில்: இணைப்பைச் சுத்தி வெள்ளைப் பொடி இருக்கான்னு பாருங்க, அது துத்தநாகம் கரையற அடையாளம். இருந்தா துடைச்சு, காயவச்சு, எஸ்எஸ் பக்கம் பெயிண்ட் அடிச்சு, தண்ணி இறங்காம சீலன்ட் இழுங்க. அதுக்கு முன்னாடி ஸ்க்ரூடிரைவர் நுனியால ஜிஐயை அழுத்திப் பாருங்க. உள்ள போச்சுன்னா அந்தத் துண்டை வெட்டி மாத்துங்க.