ஹாஃப்கட் இன்ஜினை கிட் காரில் ஏற்றுமுன் கம்ப்ரஷன் டெஸ்ட் எதற்கு?

ஜப்பானில் கழித்த காரின் முன்பாதியை வெட்டி, இன்ஜினோடு இறக்கி விற்பதே ஹாஃப்கட். கோலாலம்பூரில் கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார்) கட்டுவோருக்கு எளிதில் கிடைப்பது இதுதான். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது கம்ப்ரஷன் டெஸ்ட்.

சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் டயர் ஏறாது. பிஸ்டன் ரிங், வால்வு தேய்ந்தாலும் அதே கதை. காற்று கசிந்தால் இன்ஜினில் இழுவை இராது.

கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன்பே சோதியுங்கள். பல இன்ஜின்களில், இன்ஜினைச் சுற்றவிடும் ஸ்டார்ட்டர் அதில்தான் மாட்டியிருக்கும். எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ரோட்டிலை முழுக்கத் திறந்து, பிளக் துளையில் மாட்டிய மீட்டரின் முள் ஏறி நிற்கும்வரை சுற்றவிடுங்கள். பெரும்பாலான பெட்ரோல் இன்ஜினுக்கு 150 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு). அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரும் குறைந்தால் முதலில் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள். சில ரிங்கிட் சீலுக்காகப் பிறகு கியர்பாக்ஸை இறக்குவது வீண் வேலை.

மீட்டர் நல்ல எண் காட்டினால் இன்ஜின் முழுக்க நலம் என்று பலர் நினைக்கிறார்கள். பேரிங் தேய்மானம் இதில் தெரியாது, அதற்கு ஆயில் பிரஷரைத் தனியாக அளக்க வேண்டும்.