மாரியில் சூரிய சுடுநீர்த் தாங்கி: துணை மின்சூடாக்கியை எப்போது இயங்கவிடுவது?

யாழ்ப்பாணம், கோண்டாவில் வாசகி ஒருவரின் கேள்வி: "எங்கள் வீட்டின் மேல்தட்டில் 200 லீற்றர் சூரிய சுடுநீர்த் தாங்கி இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள தம்பி பூட்டுவித்தது. வீட்டில் நானும் 81 வயதான அம்மாவும் மட்டுமே. அம்மா காலை ஆறு மணிக்குக் குளிப்பவர். கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் சூடேறுவதில்லை. தாங்கிக்குள் மின்னால் நீரைச் சூடாக்கும் 2 கிலோவாற்று எலிமென்ற் உண்டு. ஆனால் சுவரில் ஒரு சாதாரண சுவிச் மட்டுமே. போட மறந்தால் அம்மாவுக்குக் குளிர்நீர், நிறுத்த மறந்தால் மின்கட்டணம். இதைத் தானாக இயங்கச் செய்ய என்ன பூட்ட வேண்டும்?"

நீரின் சூட்டைப் பார்த்து மின்னைப் போட்டு நிறுத்தும் தெர்மோஸ்டற் ஒன்றைப் பூட்டினால் போதும் என்று உங்களுக்குச் சொல்லப்படலாம். அது பாதி விடைதான். தெர்மோஸ்டற்றுக்கு நீரின் வெப்பநிலை தெரியும், நேரம் தெரியாது. மாலையில் நீங்கள் நீரை எடுத்ததும் கிணற்றுநீர் தாங்கிக்குள் இறங்கும், வெப்பநிலை குறையும், அந்தக் கணமே எலிமென்ற் இயங்கத் தொடங்கி இரவோடு இரவாகத் தாங்கி முழுவதையும் சூடாக்கிவிடும். விடிந்து வெயில் ஏறும்போது சூரியன் சூடாக்குவதற்குக் குளிர்ந்த நீர் மிஞ்சியிராது. இலவசமாகக் கிடைக்க வேண்டிய வெப்பத்துக்கு நீங்கள் மின்சார சபைக்குப் பணம் கட்டியிருப்பீர்கள்.

குளிர்நாடுகளில் நிலக்கரிக் கொதிகலனால் வீட்டைச் சூடாக்குவோரும் இதே சிக்கலுக்கு விடை கண்டிருக்கிறார்கள். துணைக்கு இருக்கும் எண்ணெய் அல்லது மின் சூடாக்கியின் தெர்மோஸ்டற்றை, கொதிகலன் வழக்கமாக இயங்கும் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே வைப்பார்கள். நிலக்கரி ஒழுங்காக எரியும்வரை நீர் அந்த அளவுக்கு இறங்காது. நெருப்பு அணைந்தால் மட்டுமே துணை விழித்துக்கொள்ளும். உங்களுக்கும் அதே விதி பொருந்தும். ஆனால் உங்கள் நெருப்பு நாள்தோறும் மாலையில் அணைவது. ஆகவே தாழ்ந்த வெப்பநிலையோடு ஒரு கடிகாரமும், அதாவது குறித்த நேரத்தில் மின்னைப் போட்டு நிறுத்தும் ரைமரும், வேண்டும். ரைமரும் தெர்மோஸ்டற்றும் ஒன்றன்பின் ஒன்றாக, தொடராக இணைக்கப்பட வேண்டும். இரண்டும் சம்மதித்தால் மட்டுமே எலிமென்றுக்கு மின் செல்லும்.

இனி அளவுகளைப் பார்ப்போம். ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை செல்சியசு உயர்த்த ஏறத்தாழ 1.16 வாற்று மணி தேவை. கிணற்றுநீர் 28 பாகை என்று வைத்துக்கொண்டால், 200 லீற்றரையும் 50 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 5.1 அலகு மின்சாரம் செலவாகும். 65 பாகைக்கு என்றால் 8.6 அலகு. ஆனால் இருவர் குளிப்பதற்கு 40 பாகை நீரே தாராளம். உங்கள் எலிமென்ற் ஒரு மணிநேரம் இயங்கினால் 2 அலகு செலவில் தாங்கி முழுவதும் எட்டரைப் பாகை உயரும். முகில் மூடிய நாளிலும் தாங்கியோடு சேர்ந்த, வெயிலை வாங்கும் ரியூப்புகள் ஓரளவு வெப்பத்தைப் பிடிப்பதால், விடியற்காலையில் தாங்கி 33 பாகையில் நின்றாலே அந்த ஒரு மணிநேரம் போதுமானது. ஆகவே ரைமரை அதிகாலை 4.30 முதல் 5.30 வரை வையுங்கள். போதாவிட்டால் தொடக்கத்தை 4.00 மணிக்கு நகர்த்துங்கள். நேரத்துக்கு நேரம் விலை மாறும் நேரவாரிக் கட்டணத்தில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மலிவான நேரம் இரவு 10.30 முதல் காலை 5.30 வரையே. சாதாரண வீட்டுக் கட்டணத்தில் நேரம் பொருட்டல்ல, மொத்த அலகே பொருட்டு: நாள்தோறும் 2 அலகு என்றாலும் மாதத்தில் 60 அலகு கூடி, உங்களை அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளிவிடக்கூடும்.

தெர்மோஸ்டற்றை 45 பாகையில் வைக்கலாம். நல்ல வெயில் அடித்த நாளுக்கு மறுநாள் விடியலில் நீர் அதைவிடச் சூடாகவே இருக்கும் என்பதால் எலிமென்ற் தொடாமலே கிடக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நாட்கணக்கில் வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் இலெஜியோனெல்லா எனும் நோய்க் கிருமி பெருக இடமுண்டு. வெயிலே இல்லாமல் ஒரு வாரம் கடந்தால், ஒருநாள் தெர்மோஸ்டற்றை 60 பாகைக்கு உயர்த்தி, ரைமரையும் நீட்டி, நீரை 60 பாகைவரை சூடாக்கிவிடுங்கள். ஆனால் 60 பாகை நீர் முதியவரின் மெல்லிய தோலைச் சில நொடிகளிலேயே சுட்டுப் புண்ணாக்கும். கோடையில் உங்கள் தாங்கி அதையும் தாண்டிச் சூடேறும். தாயார் தனியே குளிப்பவராயின், குளியலறைக்குப் போகும் குழாயில் சுடுநீரையும் குளிர்நீரையும் தானாகக் கலந்து 40 பாகையளவில் தரும் கலப்பு வால்வு ஒன்றை, ரைமரைப் பூட்டுவதற்கும் முன்பாக, இன்றே பூட்டுவியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மின்னிணைப்பைத் தகுதியுள்ள மின்னியலாளரே செய்ய வேண்டும். 2 கிலோவாற்று எலிமென்ற் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 8.7 அம்பியர் இழுக்கும். அதற்கெனத் தனியாக 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் 16 அம்பியர் பிரேக்கரும் தேவை. ரைமரினூடாக அந்த மின்னோட்டத்தை நேரே செலுத்துவதைவிட, ரைமரும் தெர்மோஸ்டற்றும் கொன்ராக்டர் எனப்படும் பெரிய ரிலேயை இயக்க, அந்த ரிலே எலிமென்றை இயக்குவதே நீடித்து உழைக்கும். மின்கலம் உள்ள டிஜிற்றல் ரைமரையே வாங்குங்கள். மின்வெட்டின்போது சாதாரண சுழல் ரைமர் நின்றுவிடும், பிறகு அது காட்டும் அதிகாலை உண்மையில் முற்பகலாக இருக்கும். மின் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் கட்டாயம். நமது நிலத்தில் மண்ணுக்குச் சற்றுக் கீழேயே சுண்ணாம்புக்கல் வந்துவிடுவதால் கசியும் மின்னை மண்ணுக்குள் இறக்கும் புவித்தொடுப்புக் கம்பி ஆழமாக இறங்காத வீடுகள் பல. கோடையில் மண் காய்ந்திருக்கும்போது அதன் தடையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தெர்மோஸ்டற் பழுதாகி ஒட்டிக்கொண்டால் மின்னைத் துண்டிக்க, கையால் மட்டுமே மீளப் போடக்கூடிய தனியான மிகைவெப்பத் துண்டிப்பானும் இருக்க வேண்டும்.

சுடுநீர்த் தாங்கிக்கு நீர் தரும் மேல்தாங்கியில் நீர் தீர்ந்து எலிமென்ற் வெறுமையில் சூடேறினால் அது எரிந்துபோகும். நீர்மட்டம் குறைந்தால் கொன்ராக்டரை விடுவிக்கும் மிதவைச் சுவிச்சையும் அதே தொடரில் சேர்த்துவிடலாம். சுடுநீர்த் தாங்கியின் ஆவியும் அழுத்தமும் வெளியேறும் காற்றுக்குழாயில் எக்காரணம் கொண்டும் வால்வோ மூடியோ போடக்கூடாது.

யாழ்ப்பாணத்தில் இவை எல்லாவற்றையும்விட ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீர். சுண்ணாம்புக்கல்லில் ஊறிவரும் நமது கிணற்றுநீரைச் சூடாக்கும்போது, அதில் கரைந்திருந்த கல்சியம் எலிமென்றின் மேல் வெள்ளைக் கல்லாகப் படியும். நீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு விரைவாகப் படியும். 65க்குப் பதிலாக 45 பாகை என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். படிவு ஏறிய எலிமென்ற் தன் வெப்பத்தை நீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து கருகும். தெர்மோஸ்டற்றின் உணரியும் மூடப்பட்டால் நீர் சூடாகிய செய்தி அதற்குத் தாமதமாகவே எட்டும். ஆண்டுக்கொரு முறை, மாரி தொடங்குமுன் புரட்டாதியில், மின்னைத் துண்டித்து எலிமென்றைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்துக் கழுவுங்கள். சுத்தியலால் தட்டினால் உறை வெடிக்கும். துருவிலிருந்து தாங்கியைக் காக்கத் தான் கரையும் மக்னீசியக் கோல் உள்ள தாங்கியாயின் அதே நாளில் அதையும் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்தபின், வெயில் காய்ந்த ஒரு நாளுக்கு மறுநாளும் முகில் மூடிய ஒரு நாளுக்கு மறுநாளும், அதிகாலை 4.25க்கும் 5.35க்கும் மின்மானியை வாசித்து எழுதிவையுங்கள். முகில் நாளுக்கு மறுநாள் 2 அலகளவில் கூடியிருக்க வேண்டும். வெயில் நாளுக்கு மறுநாள் குளிர்சாதனப்பெட்டி போன்றவற்றின் சிறு செலவைத் தவிர எதுவும் கூடியிருக்கக்கூடாது. அப்போதும் 2 அலகு ஏறியிருந்தால், தெர்மோஸ்டற் உணரி அதன் பொந்தினுள் சரியாக அமராமல் வெளியே நிற்கிறது என்பதை முதலில் சந்தேகித்து, பணம் கொடுக்குமுன் மின்னியலாளரைக் கொண்டே அதைத் திறந்து பாருங்கள்.