கேபிள் எட்டவில்லை, அக்கா! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. எங்களுடையது ஜெலுத்தோங்கில் இரண்டு மாடி டெரஸ் வீடு. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் கீழே ஹாலில் வாசல் பக்கம் இருக்கின்றன. மகள் மேல்மாடிப் பின்னறையில் படிக்கிறாள். வைஃபை அங்கே ஒரு கோடுதான் காட்டுகிறது. 15 மீட்டர் நெட்வொர்க் கேபிள் வாங்கி மாடிப்படி ஓரமாக இழுத்தேன், அறை வாசலோடு நின்றுவிட்டது. இன்னும் ஐந்தாறு மீட்டர் வேண்டும். தெரிந்த வயர்மேன், "நடுவில் வெட்டி, நிறத்துக்கு நிறம் முறுக்கி, டேப் சுற்றிவிடலாம்" என்கிறார். செய்யலாமா? – ஓர் அப்பா, ஜெலுத்தோங்

பதில்: வேண்டாம், அண்ணே. விளக்குக்குப் போகும் வயரைப் போல இதை நினைத்து அவர் சொல்கிறார். இந்தக் கேபிள் வேறு சாதி.

அந்த வேலையை நானே ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். 2003இல் பட்டர்வொர்த்தில் ஒரு அம்மா வீட்டில் கேபிள் இரண்டு மீட்டர் போதவில்லை. முறுக்கி, டேப் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கேசிங் அடித்து மூடினேன். வேலை செய்தது. பல வருடம் கழித்து அந்த அம்மா கூப்பிட்டார். "புது பிளான் 300 என்றார்கள், கம்ப்யூட்டரில் தொண்ணூற்றுச் சொச்சம்தான் வருகிறது" என்றார். ரவுட்டரை மாற்றிப் பார்த்தேன், பிளக்கை மாற்றிப் பார்த்தேன். மாலைவரை அலைந்த பிறகுதான் அந்தக் கேசிங் நினைவுக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால், பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி பச்சை பூத்து அறுந்து கிடந்தது. பாத்ரூம் சுவருக்கு மறுபக்கம் அது, ஈரம் இறங்கியிருக்கிறது. அன்று கூலி வாங்க மனம் வரவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் மூடிய இடத்தில் ஒட்டுப் போட்டதில்லை.

ஏன் அத்தனை வருடம் தெரியாமல் ஓடியது? உள்ளே எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடியே போதும். ஆயிரத்துக்கு, அதாவது கிகாபிட்டுக்கு, நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி போனால் பல கருவிகள் சத்தம் போடாமல் நூறுக்கு இறங்கிக்கொள்ளும். உங்கள் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் பக்கத்தில் இணைப்பு வேகம் சரியாக 100 என்று நின்றால், முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். இன்டர்நெட் கம்பெனியிடம் சண்டைக்குப் போவது அப்புறம்.

இன்னொரு காரணம் அந்தப் பின்னல். ஒவ்வொரு ஜோடியும் சடை மாதிரி முறுக்கியிருக்கும். ஒரு கம்பியில் போகும் சிக்னலின் எதிர்மாறு மற்றக் கம்பியில் போகும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு விழும். மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் காணாமல் போகும். இது கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. கிரகாம் பெல் டெலிபோன் வயருக்காக 1881லேயே காப்புரிமை வாங்கிய விஷயம். பின்னலைப் பிரித்துக் கையால் முறுக்கினால் அந்த இடத்தில் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. பிளக் அடிக்கும்போதுகூட 13 மில்லிமீட்டருக்கு மேல் பின்னலைப் பிரிக்கக் கூடாது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். முதலில் ஒரு நூல்கண்டை எடுத்து, கேபிள் போகும் வழியெல்லாம் வைத்து அளந்து பாருங்கள். கதவு நிலையைச் சுற்றும் இடத்தையும், மேசைக்குப் பின்னால் இறங்கும் இடத்தையும் விடாதீர்கள். அதோடு இரண்டு மீட்டர் கூட்டி, ஒரே துண்டாகக் கேட் 6 கேபிள் வாங்குங்கள் (கேட் என்பது நெட்வொர்க் கேபிளின் தர வகை). நீங்கள் சொன்ன அளவுக்கு 25 மீட்டர் வரும். நீளத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். கேபிளும் இரு முனை இணைப்பு வயர்களும் சேர்த்து 100 மீட்டர்வரை தாங்கும். பழைய 15 மீட்டர் வீணாகாது, ஹாலில் டிவிக்கு வையுங்கள்.

புதிதாக வாங்க மனமில்லையென்றால் கப்ளர் இருக்கிறது. இரண்டு பக்கமும் பிளக் செருகும் சின்னப் பெட்டி, சில வெள்ளிதான். கேட் 6 என்று போட்டதாகப் பார்த்து, ஒன்றே ஒன்று, கண்ணுக்குத் தெரியும் காய்ந்த இடத்தில் வையுங்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அதைவிட, மகளின் அறையில் ஒரு ஐந்து துளை கிகாபிட் சுவிட்ச், அதாவது ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. கேபிள் அதில் வந்து சேரட்டும். அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, மேல்மாடிக்கென ஒரு வைஃபை பெட்டிக்கு ஒன்று. சுவிட்ச் சிக்னலைப் புதிதாக எழுப்பி அனுப்புவதால் 100 மீட்டர் கணக்கும் அங்கிருந்து மறுபடி தொடங்கும். அதற்குக் கரண்ட் பிளக் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

மாடிப்படியில் கேபிள் கிடப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. பழைய வீடென்றால் சுவருக்குள் டெலிபோன் வயர் போன பைப் இருக்கலாம். ஹாலில் பயன்படாத பழைய டெலிபோன் முனையைத் திறந்து பாருங்கள். மாடியிலும் ஒன்று இருந்தால், பழைய வயரின் நுனியில் புதுக் கேபிளை டேப்பால் இறுகக் கட்டி, ஒருவர் மேலே இழுக்க, ஒருவர் கீழே ஊட்டிவிட வேண்டும். சிக்கினால் முரட்டுத்தனம் கூடாது. பின்னால் தளர்த்தி மறுபடி இழுங்கள். அந்தப் பைப்பில் கரண்ட் வயர் இருந்தால் கையே வைக்காதீர்கள், இரண்டும் ஒரே பைப்பில் போகக் கூடாது. வெளியில் கேசிங்கில் போவதானாலும் கரண்ட் வயரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓட்டுங்கள். குறுக்கே தாண்டுவதென்றால் நேர்க்குத்தாகத் தாண்டுங்கள்.

பைப்பில் இழுப்பதானால் பிளக் இல்லாத கேபிளாக வாங்கி, இழுத்த பிறகு நீங்களே பிளக் அடிக்க வேண்டும். வரிசை இதுதான்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. பச்சை ஜோடி நீலத்தை நடுவில் விட்டுப் பிரிந்து நிற்பதைப் பார்த்துத் தப்பென்று நினைத்து, ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுகிறவர்கள் உண்டு. "இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே" என்பார்கள். மலிவான கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும், ஆனால் லைன் திக்கித் திக்கி ஓடும். மூன்றாவது, ஆறாவது இடங்கள் ஒரே பின்னலில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

கேள்வி: அக்கா, லெபோ பாசாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். பழைய கடை வீடு, நீளம் அதிகம். பின்கட்டில் சாமான் அறைக்கு ஒரு கேமரா வேண்டும். சுவரை வெட்டிக் கேபிள் புதைக்கலாமா? – கடைக்காரர் மகன், ஜார்ஜ்டவுன்

பதில்: தம்பி, சுவரை வெட்டாதீர்கள். அந்தப் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். வெட்டினால் பூச்சு பாளம் பாளமாக உதிரும், சிமெண்ட் வைத்து அடைத்தால் ஈரம் உள்ளே தங்கும். ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். கட்டடத்தில் கை வைப்பதற்குமுன் மாநகராட்சியில் கேட்டுவிடுங்கள். மர உத்தரத்தின் ஓரமாகக் கேசிங் ஓட்டினால் போதும், கழற்றினாலும் தடம் இருக்காது.

பிஓஇ வகைக் கேமராவாக வாங்குங்கள். கரண்டும் படமும் ஒரே கேபிளில் போகும், பின்கட்டில் தனி பிளக் வேண்டாம். அதற்குக் கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதையும் கடைகளில் விற்கிறார்கள். கையில் எடுத்தால் லேசாக இருக்கும். ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது கரண்டைச் செம்பளவு நன்றாகக் கடத்தாது, சூடேறும், நாளடைவில் முறியும். அரிசி மூட்டையும் சாக்குமாக இருக்கும் அறையில் சூடேறும் வயரை நான் விடமாட்டேன்.

கேள்வி: பின்னால் அண்ணன் வீடு, 40 மீட்டர் தூரம். முற்றத்தின் மேலே கேபிள் கட்டி இன்டர்நெட் கொடுத்தோம். போன மாதம் இடி விழுந்தபோது இரண்டு வீட்டு ரவுட்டரும் போய்விட்டன. நல்ல கேபிளாக மாற்றினால் சரியாகுமா? – குடும்பத்தலைவி, சுங்கை பாக்காப்

பதில்: எவ்வளவு நல்ல செம்புக் கேபிளும் இதற்கு உதவாது, அம்மா. மின்னல் நேராகக் கேபிளில் விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே அத்தனை நீளக் கம்பியில் மின்சாரம் பாயும். இரண்டு வீட்டு எர்த்தும் வேறு வேறு என்பதால் அது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கருவிகள் வழியாகவே ஓடும். பிள்ளைகள் கை வைத்திருக்கும் நேரத்தில் நடந்திருந்தால்? இன்றே அதைக் கழற்றிவிடுங்கள்.

அந்த இடத்தில் ஃபைபர் இழுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே இரும்புக் கம்பி இல்லாத வெளிப்புற ஃபைபர் வேண்டும் என்று கேளுங்கள், தாங்குவதற்கு இரும்புக் கம்பி வைத்த வகையும் விற்பனையில் உண்டு, அது வேண்டாம். முனை ஏற்கெனவே போட்டதாக 50 மீட்டர் சுருள் வாங்கி, இரண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரில் வரும் ஒளியைச் செம்புக் கேபிளுக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி) ஒவ்வொன்று வைத்தால் முடிந்தது. ஃபைபரைக் கூர்மையாக மடக்காதீர்கள், உடைந்துவிடும்.

கேள்வி: கேட் 8 வாங்கினால் கேம் வேகமாகுமா? – மாணவன், பாயான் லெப்பாஸ்

பதில்: ஆகாது, தம்பி. கேட் 8 டேட்டா சென்டருக்கானது, 40 கிகாபிட்டை 30 மீட்டர்வரை கொண்டுபோகும். உன் லேப்டாப்பில் இருக்கும் துளை பெரும்பாலும் ஒரு கிகாபிட்தான், அதற்குக் கேட் 5இ கேபிளே போதும். மிச்சக் காசில் நல்ல ஹெட்ஃபோன் வாங்கு.