வாகைக்குளமா, கே.டி.சி. நகரா?

அண்ணாச்சி, துபாயில் இருந்துகொண்டு அம்மாவுக்கு வீடு கட்ட வாகைக்குளத்தில் இருக்கிற தூத்துக்குடி ஏர்போர்ட் பக்கம் மனை வாங்கவா, பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா குடியிருக்கத்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், பாளைதான். ஆஸ்பத்திரி, பஸ், மளிகை எல்லாம் பக்கம், நீங்கள் ஊருக்கு வரும்போது ஏர்போர்ட்டில் இருந்து நாலுவழிச் சாலையில் காரில் வர ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஏர்போர்ட் பெரிசாகிவிட்டது, வாகைக்குளமும் சீக்கிரம் நகராகிவிடும் என்று புரோக்கர் சொன்னதில் பாதி நிஜம். ஓடுதளம் 1,350 மீட்டராக இருந்தவரை ஏடிஆர் மாதிரி சின்ன விமானம்தான் இறங்க முடிந்தது, இப்போது அது 3,115 மீட்டர், 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. ஆனால் ஓடுதளம் நீண்டால் உடனே தெருவும் குழாய்த்தண்ணியும் வந்துவிடுமா என்ன? புஞ்சைக் காட்டில் உடைமரத்தை வெட்டி, வெள்ளையடித்த கல்லை நட்டு, முன்னால் ஒரு ஆர்ச் வைத்தால் அதுக்குப் பேர் நகராம்!

வாகைக்குளத்தில் மனை வாங்கிச் சும்மா போட்டு வைக்கத்தான் என்றால், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, பட்டா, 30 வருஷ வில்லங்கம் எல்லாம் பாருங்கள். அப்புறம் பக்கத்து போர் தண்ணியை யாரையாவது குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், உப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஓடுதளத்தை ஒட்டி உயரக் கட்டுப்பாடும் உண்டு. முக்கியமாக, பவர் பத்திரம் எழுதி அந்தப் புரோக்கர் கையில் கொடுத்துவிடாதீர்கள், சொந்தத்தில் ஒருத்தரை அனுப்புங்கள்.