வேரோடு சாய்ந்த மரம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருமுனையில் நின்ற பழைய தூங்குமூஞ்சி மரம் போன வாரக் காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. நகராட்சியின் அலட்சியம்தான் காரணம். அதே இடத்தில் என்ன மரம் வைக்கலாம்? படமும், நான் எழுதிய அஞ்சலிக் கவிதையும் இணைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கவிதையைப் பற்றி அப்புறம் பேசலாம். படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவ்வளவு பெரிய குடையைத் தாங்கிய வேர்ப்பகுதி ஒரு கட்டில் அளவுகூட இல்லை, கவனித்தீர்களா? ஒரு பக்கத்து வேர்கள் நேர்கோட்டில் முடிகின்றன. காற்று இழுத்து அறுந்த வேர் நார்நாராகப் பிய்ந்திருக்கும். இவற்றின் முனை கறுத்து மக்கியிருக்கிறது. கேபிளுக்கோ குழாய்க்கோ பள்ளம் தோண்டியவர்கள் என்றோ வெட்டியது. சரி, அதற்கு நகராட்சியைத் திட்டுங்கள். அடிமரத்தை ஒட்டி வழவழவென்று சிமெண்ட் பூசியிருக்கிறதே, அது யார் வேலை? உங்கள் தெருக்காரர்கள்தானே?

மேலே எவ்வளவு மரமோ கீழேயும் அவ்வளவு ஆழம் வேர் என்று நமக்கெல்லாம் ஒரு நினைப்பு. கிடையாது. நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், 2 அடிக்குள்தான் இருக்கின்றன. பக்கவாட்டில் கிளை நிழலையும் தாண்டி ஓடும். அவற்றுக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும், வேரும் மூச்சுவிடுகிறது. சிமெண்ட் போட்டால் இரண்டும் போச்சு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வாசலில் ஒரு வேம்பு இருந்தது. காலில் மண் ஒட்டுகிறதென்று அம்மா சொல்ல, மரத்தைச் சுற்றி மண் கொட்டி உயர்த்தி மேடை கட்டியவன் நான். "கொஞ்சம் இடைவெளி விடட்டுமா சார்?" என்று கொத்தனார் கேட்டார். குப்பை சேரும், வேண்டாம் என்றேன். சில வருஷத்தில் மரம் பருத்து மேடையைப் பிளந்தது. எனக்கு மரத்தின்மேல்தான் கோபம். விரிசலை மறுபடி பூசினேன். உச்சிக் கிளைகள் முதலில் காய்ந்தன. பூச்சி என்று நினைத்து மருந்தடித்தோம். கடைசியில் வெட்ட வந்தவர் மேடையை உடைத்து, மண்ணுக்குள் இருந்த பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒரு வாரம் கோலமும் போடவில்லை.

உங்கள் கவிதையில் மரம் தாய். தாயின் கழுத்துவரை சிமெண்ட் பூசிவிட்டு என்னய்யா அஞ்சலி?

என்ன மரம் என்று கேட்டிருந்தீர்கள். புங்கை வையுங்கள், வேம்பு வையுங்கள், மேலே கம்பி போகாத இடமாகப் பாருங்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. படத்தின் வலது ஓரத்தில் இன்னொரு மரம் பாதி தெரிகிறது, அதற்கும் அதே சிமெண்ட். அந்த வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு, சிறிய உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய் அடிமரத்திலிருந்து ஒரு முழமாவது கொத்தி எடுங்கள். கடப்பாறை வேண்டாம், வேரில் படும்.