கல்லைப் பேத்து எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க டீச்சர்

கோவில்பட்டி பக்கத்துல இருந்து ஒரு ரிட்டயர்ட் டீச்சர் வக்கீலான என்கிட்ட கேட்டிருக்காங்க. விஷயம் இதான். வீட்டு கேட்ல இருந்து போர்ட்டிகோ வரைக்கும், சைடுலயும் சேத்து 900 சதுர அடி பேவர் பிளாக் போட்டிருக்காங்க, சதுர அடி 85 ரூபான்னு பேசி மொத்தம் 76,500. ஜிபேல 40,000, கையில 25,000 குடுத்தாச்சு, பாக்கி 11,500. ஆனி மாசம் வேலை முடிஞ்சுது. ஐப்பசி மழை ரெண்டு தடவ நல்லா பேஞ்சதும் கார் சக்கரம் ஓடுற ரெண்டு தடத்துலயும் கல்லு ஒன்றரை இன்ச் உக்காந்துருச்சு, தண்ணி ரோட்டுக்குப் போகாம வீட்டுப் பக்கம் திரும்பி சம்ப் மூடி வரைக்கும் நிக்குது. கான்ட்ராக்டர கூப்ட்டா, "கல்லு ஒடஞ்சிருக்கா? இல்லல்ல? மண்ணு உங்க மண்ணு, கரிசல், அது உக்காந்தா நான் என்ன பண்றது, நீங்கதான செலவ குறைக்கச் சொன்னீங்க"ங்கிறாராம். கூடவே பாக்கிக்கும் டெய்லி போன். போலீஸ்ல குடுக்கலாமா, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா, அதுவரைக்கும் வேற ஆள வச்சு எல்லாத்தையும் பேத்துட்டுப் புதுசா போட்டுக்கலாமான்னு மூணு கேள்வி.

டீச்சர், மூணாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், ஏன்னா அத நீங்க அவசரப்பட்டு பண்ணிட்டீங்கன்னா மத்த ரெண்டுக்கும் வேலையே இருக்காது. இப்போதைக்கு ஒரு கல்லைக்கூட எடுக்காதீங்க. உங்க கேஸோட சாட்சி வாட்ஸ்அப்லயும் இல்ல பில்லுலயும் இல்ல, அந்தக் கல்லுக்கு அடியில புதைஞ்சு கெடக்கு. என்கிட்ட ஒருத்தர் இப்படித்தான் எல்லாத்தையும் பேத்து புதுசா போட்டுட்டு அப்புறமா வந்தாரு, எதிர்க்கட்சி, அதான் கான்ட்ராக்டர் தரப்பு, ஒரே ஒரு வரி பதில்தான் போட்டாங்க, "நான் போட்டது நல்லாத்தான் இருந்துச்சு, இவரே பேத்துட்டு என் மேல பழி போடுறாரு"ன்னு. அதுக்கப்புறம் என்னத்த நிரூபிக்கிறது.

இப்ப மண்ணு விஷயத்துக்கு வருவோம். கரிசல் மண்ணு மழையில உப்பும், வெயில்ல சுருங்கி பாளம் பாளமா வெடிக்கும், இது அந்த ஊர்ல கடலை போடுற யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அதனாலதான் அங்க கல்லு பதிக்கிறவங்க முதல்ல கரிசல வெட்டி எடுத்துட்டு கிராவல் அடிப்பாங்க, ஆறு இன்ச்சுக்கு மேல ஒரே தடவையா கொட்டாம தட்டு தட்டா கொட்டி, தண்ணி தெளிச்சு ரோலரோ காம்பாக்டரோ ஓட்டுவாங்க (அந்தக் காலத்துல திமிசு கட்டை), அது மேல ஜல்லியும் டஸ்ட்டும் (கிரஷர்ல கல்லு ஒடைக்கிறப்ப வர்ற தூளு) கலந்து இன்னொரு தட்டு, அதையும் அமுக்கிட்டு கடைசியாதான் கல்லு உக்கார ஒன்றரை இன்ச் டஸ்ட் இல்லன்னா எம் சாண்ட். ஓரத்துல கல்லு நகராம இருக்க கான்கிரீட் எட்ஜ். வாட்டம் 10 அடிக்கு ரெண்டரை இன்ச் மாதிரி ரோட்டுப் பக்கமா. கார் எடைய தாங்குறது கல்லு இல்ல, அடியில இருக்குற அந்த ரெண்டு தட்டுதான். கல்லு சும்மா மேல போத்துன போர்வை.

நீங்க போற போக்குல ஒண்ணு எழுதியிருந்தீங்க, "ரெண்டு டிராக்டர் கிரஷர் டஸ்ட் மட்டும்தான் வந்துச்சு, ஜல்லி வந்த ஞாபகம் இல்ல"ன்னு. நான் அந்த வரியில நின்னுட்டேன். ஒரு டிராக்டர் லோடு சுமாரா ஒரு யூனிட், அதாவது 100 கன அடி. ரெண்டு லோடு 200 கன அடி. அத 900 சதுர அடியில பரப்புனா ரெண்டே முக்கால் இன்ச்சுக்கும் கீழ வருது, அதுவும் அமுக்காத கணக்கு, அமுக்குனா ரெண்டு இன்ச் தேறும். ஆறு இன்ச்சுக்கு ஒரு தட்டு போடணும்னாலே 450 கன அடி, நாலரை யூனிட் வேணும், அமுங்குறதுக்கு இன்னும் கூடுதலா. அப்ப அவர் போட்டது கல்லு உக்காருற மெத்தை மட்டும்தான், அடித்தளம்னு ஒண்ணு போடவே இல்லைன்னு கணக்கே சொல்லுது. கணக்கு டீச்சர்தானே நீங்க, இத அப்படியே நோட்டீஸ்ல எழுதிடலாம். டிராக்டர் வந்த நாள் எதிர் வீட்டு கேமராவுல இன்னும் இருக்கான்னு கேட்டுப் பாருங்க, மாசக்கணக்கு ஆயிருச்சு, அழிஞ்சிருக்கும், இருந்தாலும் கேளுங்க. லோடு அனுப்புன கடைக்காரர்கிட்ட பில்லோ டைரியோ இருக்கும்.

"மண்ணு உங்க மண்ணு"ங்கிற பேச்சு சட்டத்துல நிக்காது. கரிசல் மேல எப்படி போடணும்னு தெரிஞ்ச ஆளுன்னு நம்பித்தான் 76,500க்கு பேசுனீங்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல பிரிவு 2(11) சேவைக் குறைபாடுன்னா என்னன்னு சொல்லுது, வேலை செஞ்ச விதத்துல இருக்குற குறை மட்டும் இல்ல, வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான தகவல வேணும்னே மறைக்கிறதும் அதுல அடங்கும். கரிசல்னு அவருக்கு இப்ப இவ்வளவு தெளிவா தெரியுதுல்ல, அத கொட்டேஷன் குடுக்குறப்ப ஏன் சொல்லல? அவர் வாயாலயே அவர் மாட்டுற எடம் இது. அந்த போன் பேச்சு ரெக்கார்ட் இருந்தா பத்திரமா வைங்க.

கொட்டேஷன்ல "மண் லெவல் செய்து கார் பார்க்கிங் பகுதியில் 60 எம்எம் பேவர் பிளாக் பதித்துத் தரப்படும்"னு ஒரே வரிதான் இருக்கு. லெவல் பண்ணுனேன், முடிஞ்சுதுன்னு அவர் வக்கீல் சொல்லுவார். ஆனா அதே வரியில கார் பார்க்கிங்னு இருக்கே, அதான் உங்களுக்கு பலம். கார் நிக்கப் போகுதுன்னு தெரிஞ்சு வாங்குன வேலை, அப்ப கார் நிக்கிற மாதிரி செஞ்சு குடுக்கணும். பேவர் பிளாக்குக்கு ஐஎஸ் 15658னு ஒரு தரம் இருக்கு, பதிக்கிற முறைக்கு ஐஆர்சி, அதான் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், போட்ட எஸ்பி 63ன்னு ஒரு வழிகாட்டி இருக்கு. வீட்டு வாசலுக்கு இதெல்லாம் கட்டாயம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா தொழில் தெரிஞ்ச ஆளு எப்படி செய்வான்னு கன்ஸ்யூமர் கோர்ட்ல, அதான் கமிஷன்ல, காட்ட நல்லா உதவும்.

இப்ப கொஞ்சம் கசப்பா ஒரு கேள்வி. செலவ குறைக்கச் சொன்னது நெசமா? உங்க வீட்டு சார் ஏதாவது "ஜல்லியெல்லாம் எதுக்குப்பா, சும்மா கல்லப் போட்டு விடு"ன்னு சொன்னாரா? வக்கீல்கிட்டயும் டாக்டர்கிட்டயும் மறைக்கக் கூடாதும்பாங்க. வாய்ப் பேச்சா சொல்லியிருந்தா சமாளிக்கலாம், ஜல்லி இல்லாட்டி உக்காந்துரும்னு எச்சரிக்க வேண்டியது அவர் கடமை, எச்சரிச்சாரான்னு நாம கேக்கலாம். ஆனா "ஜல்லி போடாட்டி நான் பொறுப்பில்ல"ன்னு வாட்ஸ்அப்ல அவர் அனுப்பி நீங்க அதுக்கு கட்டைவிரல் போட்டிருந்தீங்கன்னா கேஸ்ல பாதி போச்சு. அதுக்காக அத டெலீட் பண்ணிடாதீங்க, அவர் போன்லயும் இருக்கும்ல.

இனி செய்ய வேண்டியது. முதல்ல ஒரு நோட்டீஸ், ஸ்பீட் போஸ்ட்ல டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சியோட. என்ன பேசுனோம், எவ்வளவு குடுத்தோம், என்ன ஆச்சு, 15 நாள்ல உன் செலவுல சரி பண்ணிக் குடு, இன்ன தேதி இன்ன நேரத்துல இன்ஜினியர வச்சு தோண்டிப் பாக்கப் போறோம், நீயும் வான்னு. வந்தா நல்லது, வரலைன்னா அத விட நல்லது. அன்னிக்கு சக்கரத் தடத்துல மூணுக்கு மூணு அடி ஒரு குழி, உக்காராத எடத்துல இன்னொரு குழி, ரெண்டுலயும் கல்ல ஒண்ணொண்ணா எடுத்து ஸ்டீல் டேப் வச்சு கல்லு எத்தன எம்எம், டஸ்ட் எத்தன இன்ச், கரிசல் எங்க ஆரம்பிக்குதுன்னு அளவு தெரியுற மாதிரி போட்டோ. 60க்கு காசு வாங்கிட்டு 50 எம்எம் கல்லு இறக்குறதும் நடக்குது, அதையும் அளந்துருங்க. வீடியோ நடுவுல நிறுத்தாம ஒரே ஓட்டமா எடுங்க, எடுத்த போனை மாத்தாதீங்க, எனக்கு அனுப்புறது காப்பியா இருக்கட்டும், ஒரிஜினல் போன்லயே இருக்கட்டும். புது சாட்சியச் சட்டம், அதான் பாரதிய சாக்ஷ்ய அதினியம், பிரிவு 63ல மின்னணு ஆதாரத்துக்கு ஒரு சர்டிபிகேட் கேக்குது, அத நாம தயார் பண்ணிக்கலாம். இன்ஜினியர் கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட் குடுக்கணும், வாய்ல சொல்லிட்டுப் போயிடக் கூடாது. அதுக்கப்புறமும் எதிர்க்கட்சி தகராறு பண்ணுனா கமிஷன்லயே மனு போட்டு அட்வகேட் கமிஷனர (கமிஷனே எடத்தைப் பாக்க நியமிக்கிற வக்கீல்) இன்ஜினியரோட வந்து எடத்தைப் பாக்க வைக்கலாம், அதனால தோண்டுன குழிய தவிர மிச்சத்த அப்படியே விடுங்க. சம்ப்புக்குள்ள தண்ணி எறங்காம இருக்க ஒரு வரிசை மண் மூட்டை போட்டுக்கோங்க, அதையும் போட்டோ எடுத்துட்டு. நஷ்டம் பெருகாம பாத்துக்குறது நம்ம பொறுப்புன்னு ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73 எதிர்பாக்குது.

போலீஸ் வேண்டாம். மோசடின்னு சொல்லணும்னா ஆரம்பத்துலயே ஏமாத்துற எண்ணம் இருந்துச்சுன்னு காட்டணும், இவர் வந்து வேலை செஞ்சிருக்கார், அரைகுறையா செஞ்சிருக்கார், அவ்வளவுதான். ஸ்டேஷன்ல உக்கார வச்சு சமாதானம் பேசுவாங்க, பாக்கி 11,500ஐயும் குடுத்துட்டு வரச் சொன்னாலும் ஆச்சரியம் இல்ல. அந்தப் பாக்கிய இப்ப குடுக்க வேண்டாம், ஆனா சும்மா போன எடுக்காம இருக்காதீங்க, வேலைக் குறைபாட்டுக்காக நிறுத்தி வச்சிருக்கேன்னு நோட்டீஸ்லயே ஒரு வரி போட்டுருவோம். கையில குடுத்த 25,000க்கு ரசீது இல்லைன்னு பயப்படாதீங்க, பாக்கி 11,500 குடுங்கன்னு அவர் அனுப்புன மெசேஜே 65,000 வந்துருச்சுன்னு ஒத்துக்கிட்ட மாதிரிதான்.

புகார் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம்னு 2019 சட்டம் வசதி பண்ணியிருக்கு. வேலைக்கு நீங்க குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதிங்கிற அரசாங்க நுகர்வோர் புகார் வெப்சைட் வழியா ஆன்லைன்லயும் போடலாம், நீங்களே நேர்ல ஆஜராகலாம், வக்கீல் கட்டாயம் இல்ல (என் தொழிலுக்கு நானே வேட்டு வைக்கிறேன்). கெடு 2 வருஷம், வேலை முடிஞ்ச ஆனி மாசத் தேதில இருந்தே எண்ணிக்கோங்க, மழையில இருந்து எண்ணலாம்னு வாதாட வழி இருக்கு, ஆனா அந்த ரிஸ்க் எதுக்கு. "வர்ற வாரம் பாக்குறேன் மேடம்"னு அவர் சொல்ற ஒவ்வொரு வாரமும் இந்தக் கணக்குலதான் கழியும். கேஸ மூணு மாசம், பொருள டெஸ்ட் பண்ண வேணும்னா அஞ்சு மாசத்துல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடைமுறையில ஒரு வருஷம் தாண்டும்னு வச்சுக்கோங்க.

எவ்வளவு கேக்கலாம்? மன உளைச்சலுக்கு அஞ்சு லட்சம்னு எழுதாதீங்க, படிக்கிறவங்களுக்கே நம்பிக்கை போயிடும். பேவர் பிளாக்ல ஒரு நல்லது, எடுத்த கல்ல திரும்பப் போட்டுக்கலாம், அதனால புதுக் கல்லுக்கு காசு கேட்டா எடுபடாது. கல்ல எடுத்து, மண்ண வெட்டி, கிராவல் ஜல்லி போட்டு அமுக்கி அதே கல்ல பதிக்க என்ன ஆகும்னு ரெண்டு மூணு பேர்கிட்ட எழுத்துல கொட்டேஷன் வாங்குங்க, அதுவும் இன்ஜினியர் பீஸும் வழக்குச் செலவும் நியாயமா ஒரு தொகையும் போதும். நோட்டீஸ் பாத்துட்டு அவரே சரி பண்ண வந்தா விடுங்க, நல்லதுதான், ஆனா இந்தத் தடவ எத்தன இன்ச் எடுக்குறது, எத்தன யூனிட் இறக்குறது, எத்தன தட்டு அமுக்குறதுன்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் போட்டோ எடுத்துட்டுதான் அடுத்த தட்ட கொட்ட விடணும். ஆழத்த இன்ஜினியர் சொல்லட்டும்.

இன்னொண்ணு, நீங்க அனுப்புன போட்டோவுல கேட்டுக்கு வெளிய ஒரு சாய்தளம் தெருச் சாக்கடை மேல ஏறி நிக்குது. அத புகார்ல சேக்காதீங்க. அது தெரு, நகராட்சி எப்ப வேணா இடிக்கலாம், எதிர்க்கட்சி முதல்ல காட்டப் போற போட்டோவும் அதுதான்.

கொட்டேஷன் முன்பக்கம் மட்டும்தான் வந்திருக்கு டீச்சர், பின்பக்கம் பேனாவுல ஏதோ கணக்கு எழுதியிருக்குறது நிழலாத் தெரியுது, அதையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிட்டு நோட்டீஸுக்கு நாள் குறிக்கலாம்.